டிராக்டரின் மூக்கு

“சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடுக்கவில்லை” என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. அமெரிக்க விவசாயிகளுக்கு இந்தப் பழமொழி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அதன் பொருளைச் சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களில் அவர்கள் நம்மைக் காட்டிலும் நன்றாக அனுபவித்து அறிந்திருக்கிறார்கள்.

அயோவா, இல்லினாய் ஆகிய மாகாணங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோள வயல்கள். நம்முடைய புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அங்கே கதிர் முற்றிக் காய்ந்து அறுவடைக்குத் தயாராய் நிற்கும். வானம் தெளிந்திருக்கிறது. அறுவடை யந்திரத்தின் தொட்டியில் டீஸல் நிறைந்திருக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் யந்திரம் நடுவயலில் திணறுகிறது. சற்று நேரத்துக்கெல்லாம் நொண்டி மாட்டைப்போல் ஊர்கிறது. காரணம் என்னவென்றால், புகைக்குழாயில் பதித்திருக்கும் கட்டைவிரல் பருமனான ஒரு சிறு கருவி, “இந்த எஞ்சின் விடும் புகை சட்டத்துக்கு உட்பட்டதாயில்லை” என்று சாட்சி சொல்லிவிட்டது. உண்மையில் புகை சரியாகவே இருக்கிறது. சாட்சிக்குத்தான் உடம்பு சரியில்லை!

இந்தச் சாட்சிக்கு ஸென்ஸர் என்று பெயர். தமிழில் உணர்கருவி எனலாம். அது டிராக்டருக்கு வைத்த மூக்கு. அந்த மூக்கை ஏன் வைத்தார்கள், அதற்கு ஜலதோஷம் பிடித்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பு எப்படித் தத்தளிக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் அந்த மூக்கு நம் நாட்டு வயல்களுக்கும் வந்துவிட்டது.

புகைக்குக் காவல் ஏன்?

ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியர் தம் பெயரால் வழங்கும் எஞ்சினை 1897-ம் வருஷம் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். நெருப்புப் பொறி வேண்டாம். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கொதித்துச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். இதுதான் அவர் கண்ட சூக்ஷ்மம். குறைந்த எண்ணெயில் மிகுந்த வேலை செய்யும் இந்த எஞ்சினே உலகத்தின் உழவுத் தொழிலையும் லாரிகளையும் கப்பல்களையும் இன்றளவும் தாங்கி நிற்கிறது.

ஆனால் எந்த உபகாரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. டீஸல் எஞ்சினுக்குள் எண்ணெய் முழுவதும் எரியாத இடத்தில் கரித்தூள் உண்டாகிறது. சூடு மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் விஷவாயுக்கள் உண்டாகின்றன. கரித்தூள் நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்கும். விஷவாயுக்கள் மூச்சுக்குழலைப் புண்படுத்துவதோடு, வெயிலில் வேறு பல தீமைகளையும் பெறும். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-ம் வருஷம் ஜூன் மாதத்தில், டீஸல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. அந்தப் புகையை எல்லோருக்கும் முன்னால் சுவாசிக்கிறவன் யார்? டிராக்டரின் ஆசனத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் உழவனேதான்.

ஆகவே அமெரிக்க சர்க்கார் படிப்படியாகச் சட்டம் இயற்றினார்கள். வயலிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் பெரிய எஞ்சின்களுக்கு முதற்படி 1996-ல் வந்தது. 2004-ல் வகுத்த நான்காம் படி 2008-லிருந்து 2015-க்குள் அமலாயிற்று. முதற்படியில் ஒரு கிலோவாட்-மணி நேர வேலைக்கு 9.2 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு விட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. நான்காம் படியில் அது 0.4 கிராம். கரித்தூள் 0.54 கிராமிலிருந்து 0.02 கிராம் ஆயிற்று. நூறு பங்கில் தொண்ணூற்றாறு பங்கு குறைந்துபோயிற்று என்றால் இது சாமானியமான காரியமா? வயல் யந்திரங்களுக்கு விற்கும் டீஸலிலுள்ள கந்தகத்தையும், பத்து லக்ஷம் பங்கில் ஏறக்குறைய 3,000 பங்காக இருந்ததை 2007-ல் 500 பங்காகவும் 2010-ல் 15 பங்காகவும் குறைத்தார்கள்.

இந்தச் சட்டம் நல்ல சட்டம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போகும் குறைகள் யாவும் சட்டத்தின் நோக்கத்தைப் பற்றியவை அல்ல. அந்த நோக்கத்துக்கு வைத்த காவற்காரனைப் பற்றியவை.

வடிகட்டியும் யூரியாவும்

கரித்தூளைப் பிடிப்பதற்குப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். பீங்கான் போன்ற பொருளால் செய்த தேன்கூடு என்று அதை எண்ணிக்கொள்ளலாம். ஒரு கண்ணின் முன்புறம் திறந்தும் பின்புறம் அடைத்தும் இருக்கும்; அடுத்த கண் அதற்கு நேர் மாறாக இருக்கும். புகை சுவரின் நுண்ணிய துவாரங்கள் வழியாகவே வெளியேற வேண்டும். கரி உள்ளே தங்கிவிடும். கரி மிகுந்தவுடன், ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணத்துக்குச் சூடேற்றி, யந்திரமே அதைச் சுட்டுச் சாம்பலாக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

விஷவாயுவுக்கு வேறு வைத்தியம். மிகத் தூய்மையான தண்ணீரில் நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா கரைத்த ஒரு திரவத்தைச் சூடான புகையில் சிறு துளிகளாகத் தெளிக்கிறார்கள். யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா ஒரு ரஸாயன அறையில் நைட்ரஜன் ஆக்ஸைடோடு கூடி, தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆகிவிடுகிறது. பயிருக்கு உரமாக நாம் அறிந்த யூரியாவே இங்கே காற்றுக்கு மருந்தாகிறது. நம் ஊர்ப் பெட்ரோல் பங்குகளில் லாரிக்காரர்கள் வாளியாக வாங்கி ஊற்றுகிறார்களே ‘டெஃப்’, அது இதுதான். 2020-ம் வருஷம் ஏப்ரலில் பாரத் ஆறாம் படிச் சட்டம் வந்ததிலிருந்து அந்த வாளிகள் நமக்குப் பழக்கமாகிவிட்டன.

இத்தனை வைத்தியமும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது யார்? இங்கேதான் உணர்கருவிகள் வருகின்றன. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒன்று அளக்கிறது. புகையின் சூட்டைச் சில அளக்கின்றன. யூரியாக் கரைசல் எவ்வளவு இருக்கிறது, அது சரியான பக்குவத்தில் இருக்கிறதா, உறைந்திருக்கிறதா என்று தொட்டிக்குள்ளே சில கவனிக்கின்றன. ரஸாயன அறைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கருவிகள் விஷவாயுவை மோந்து பார்க்கின்றன. இவை எல்லாம் கூறும் செய்தியை ஒரு கம்ப்யூட்டர் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறது.

மூக்கு எப்படிக் கெடுகிறது?

உணர்கருவிகளுக்குள் மிகவும் நுட்பமானது விஷவாயுவை மோந்து பார்ப்பதுதான். ஸிர்க்கோனியா என்னும் பீங்கான் வகையால் ஆன சிறு சில்லு அதன் உயிர். அது வேலை செய்வதற்குத் தன்னைத் தானே ஏறக்குறைய 800 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அடுப்பில் பழுக்கக் காய்ந்த ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பது எல்லாப் பெண்மணிகளுக்கும் தெரியும். குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது புகைக்குழாயில் ஈரம் படிந்திருக்கும். குழாய் காய்வதற்கு முன் சில்லு சூடேறி, அதன்மேல் ஒரு துளி விழுந்தால் ‘பட்’டென்று வெடித்துவிடும். இதற்காகவே சற்று நேரம் பொறுத்துச் சூடேறும்படி அமைத்திருக்கிறார்கள். ஆயினும் எப்போதும் தப்புவதில்லை. அதனோடு கரி படிதல், ஓயாத அதிர்ச்சி, எண்ணெய்ச் சாம்பல் முதலியவை சேர்ந்து அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

யூரியாத் தொட்டியிலுள்ள கருவிக்கு வேறு சோதனைகள். கரைசலின் பக்குவத்தை அறிய அது காதுக்குக் கேளாத ஓர் ஒலியை அனுப்பி, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்க்கிறது. மேடு பள்ளமான வயலில் தொட்டி குலுங்கிக் காற்றுக் குமிழிகள் உண்டானால் ஒலி தடுமாறும். “கரைசல் கலப்படம்” என்று கருவி கூச்சலிடும். கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறைந்துபோகும். வெயிலிலும் அது தாங்காது. 25 டிகிரி உஷ்ணத்தில் ஒன்றரை வருஷம் கெடாமலிருப்பது, 35 டிகிரியில் ஆறு மாதங்களே நிற்கும். கரைசல் கசிந்து காய்ந்த இடத்திலோ உப்புப் பூத்தாற்போல வெள்ளைப் படிகம் கட்டி, தெளிக்கும் மூக்கையும் மின்சார இணைப்பையும் அடைத்துக்கொள்ளும்.

அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவியோ இரண்டு மெல்லிய குழல்களை நம்பியிருக்கிறது. அதில் ஒன்று கரியாலோ நீராலோ அடைபட்டால் போதும். வடிகட்டி நிரம்பாதிருக்கும்போதே நிரம்பிவிட்டது என்றும், நிரம்பியிருக்கும்போது காலியாயிருக்கிறது என்றும் பொய் சொல்லும். இவற்றோடு எலி ஒன்று இருக்கிறது. கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் யந்திரத்தின் மின்சாரக் கம்பிகளை எலி கடித்துவிட்டால், கம்ப்யூட்டருக்கு அது எலியின் வேலை என்று தெரியாது. செய்தி வரவில்லை, ஆகவே குற்றம் நடந்திருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடும்!

இவ்வளவுக்கும் அடியில் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. இந்தக் கருவிகள் பலவும் முதலில் நெடுஞ்சாலை லாரிகளில் தேறியவை. லாரி தினந்தோறும் ஓடுகிறது; ஒரே சீரான வேகத்தில் பல மணி நேரம் ஓடுகிறது; அதன் புகை எப்போதும் சூடாக இருக்கிறது; கரைசலும் பழசாவதற்கு முன் செலவாகிவிடுகிறது. அறுவடை யந்திரத்தின் வாழ்க்கை இதற்கு நேர் விரோதம். வருஷத்தில் பெரும் பகுதி கொட்டகையில் உறங்குகிறது. எழுந்திருக்கும் சில வாரங்களில் இரவு பகல் பாராமல் தூசிக்கும் பதருக்கும் நடுவே உழைக்கிறது. நடுநடுவே தானியத்தை இறக்குவதற்காக எஞ்சின் மெல்ல ஓடியபடி காத்து நிற்கிறது. அப்போது புகை குளிர்ந்து, யூரியா சரியாக மாறாமல் படிகிறது. லாரிக்குத் தைத்த சட்டையை உழவனுக்கு மாட்டினால் தோள்பட்டையில் கிழியாமல் என்ன செய்யும்?

தண்டனைப் படிகள்

கருவி கெட்டால் கெட்டுப்போகட்டும். அறுவடை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசகர்கள் நினைக்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் ஒரு விளக்கு எரியும். பிறகு மணி அடிக்கும். பிறகு எஞ்சினின் சக்தி குறையும். கடைசியில் யந்திரம் கொட்டகைக்கு ஊர்ந்து போவதற்கு மட்டுமே சக்தி மிஞ்சும். பல யந்திரங்களில் இந்தப் படிகள் யாவும் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்படி அமைந்திருந்தன.

இந்தக் கடுமைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. யூரியாத் தொட்டி காலியாக இருந்தாலும் எஞ்சின் முன்போலவே ஓடும். ஓட்டுகிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, செலவுதான் மிச்சம். நூறு லிட்டர் டீஸலுக்கு இரண்டு முதல் ஐந்து லிட்டர் வரை கரைசல் வேண்டும். தண்டனை இல்லையென்றால் எத்தனை பேர் ஊற்றுவார்கள்? மனித சுபாவத்தை அறிந்தே சட்டம் செய்தவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்.

ஆனால் வேண்டுமென்றே கரைசல் ஊற்றாதவனும், கரைசலை நிரப்பி வைத்தும் கருவி கெட்டதால் அகப்பட்டுக்கொண்டவனும் கம்ப்யூட்டரின் முன் ஒன்றாகிவிடுகிறார்கள். சுரம் பார்க்கும் கண்ணாடிக் குழல் உடைந்துபோனால், நோயாளி செத்துவிட்டான் என்று வைத்தியர் எழுதிக் கொடுப்பாரா? குழலை மாற்றி வைத்துப் பார்ப்பார். அதற்குள் நோயாளியின் நாடியையாவது பிடித்துப் பார்ப்பார். நாடி பார்க்கத் தெரியாத வைத்தியராக இந்தக் கம்ப்யூட்டரைச் செய்து வைத்ததுதான் குறை.

ஒரு நாள் என்பது என்ன?

பட்டணத்தில் பஸ் நின்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிறோம். உத்தியோகத்துக்கு ஒரு நாள் போகாவிட்டால் லீவு எழுதிக் கொடுக்கிறோம். உழவனுக்கு அறுவடைக் காலத்தில் ஒரு நாள் என்பது வேறு அளவு. கோதுமை முற்றியபின் ஆலங்கட்டி மழை பெய்தால் மணி உதிர்ந்துவிடும். மக்காச்சோளத்தின் தட்டை காற்றில் சாய்ந்தால் யந்திரத்துக்கு எட்டாது. ஈரம் மிகுந்த தானியத்தை உலர்த்த எரிவாயுச் செலவு ஆகும்.

யந்திரம் நின்ற இடத்திலிருந்து விற்பனையாளரின் பணிமனை வெகு தூரத்தில் இருக்கலாம். அறுவடையின்போது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மெக்கானிக் வேண்டும். அவர் வந்து தம் கம்ப்யூட்டரை இணைத்தால்தான் எந்தக் கருவி கெட்டது என்று திட்டமாகத் தெரியும். மாற்றுக் கருவி கையிருப்பில் இருக்க வேண்டும். 2021, 2022-ம் வருஷங்களில் மின்னணுச் சில்லுகளுக்கு உலகெங்கும் பஞ்சம் ஏற்பட்டபோது, யூரியாத் தொட்டியின் உணர்கருவி கிடைக்காமல் நல்ல எஞ்சின் உள்ள லாரிகள் அமெரிக்காவில் வாரக்கணக்கில் நின்றன. புதிய கருவியைப் பொருத்திய பிறகும், “இவன் நம்மவன்தான்” என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைக்க மறுபடியும் மெக்கானிக்கின் கம்ப்யூட்டரே வேண்டியிருக்கிறது. புகைக் கருவிகளுக்கு அமெரிக்கச் சட்டப்படி ஐந்து வருஷம் அல்லது 3,000 மணி நேரம் உத்தரவாதம் உண்டு. அதற்கு மேற்பட்டால் செலவு முழுவதும் உழவன் தலையில்தான்.

குறுக்கு வழி

இவ்வளவு தொல்லைக்கும் ஒரே அடியில் முடிவு கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு சிலர் கிளம்பினார்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாய் மாட்டுவது. உணர்கருவிகளே இல்லையென்று கம்ப்யூட்டருக்குப் பொய் கற்பித்துவிடுவது. இதுதான் அவர்களுடைய வைத்தியம். இது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆயினும் 2020-ம் வருஷத்து அறிக்கை ஒன்றில், அதற்கு முந்திய பத்து வருஷங்களில் 5,50,000-க்கு மேற்பட்ட டீஸல் பிக்கப் வண்டிகளில் புகைக் கருவிகள் அகற்றப்பட்டிருந்ததாக அந்நாட்டுச் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா மதிப்பிட்டது. அவை சாலை வண்டிகள். ஆனாலும் அந்த எண் ஒரு பாடத்தைச் சொல்கிறது: நேர் வழியை மிகவும் கடினமாக்கினால் ஜனங்கள் கோணல் வழியைத் தேடுவார்கள்.

கோணல் வழியை நாம் ஆதரிக்க முடியாது. கழற்றி எறிந்த வடிகட்டியின் கரி எங்கே போகிறது? அவ்வளவும் காற்றில் போகிறது. அந்தக் காற்றைத்தான் உழவனின் குழந்தையும் அண்டை வீட்டுக் கிழவரும் சுவாசிக்கிறார்கள். காவற்காரன் சில சமயம் தவறாக மணி அடிக்கிறான் என்பதற்காக, வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது விவேகமாகாது. காவற்காரனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த வைத்தியம் வீட்டுக்காரன் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும்.

சாவி யார் கையில்?

ஆகவே போராட்டம் இப்போது சாவியைப் பற்றியதாக ஆகிவிட்டது. யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அதன் குறையை வாசிக்கும் உரிமை உண்டா? “கொடுத்தால் புகைக் கருவிகளைக் கழற்றிவிடுவார்கள், ஆபத்து நேரும்” என்று உற்பத்தியாளர்கள் தரப்பில் சொல்லி வந்தார்கள். “புகையைச் சாக்கிட்டு, ரிப்பேர் வருமானத்தை எல்லாம் உங்கள் பணிமனைக்கே இழுத்துக்கொள்கிறீர்கள்” என்று விவசாயிகள் தரப்பில் சொன்னார்கள். அமெரிக்கக் காற்றுச் சட்டமோ, செப்பனிடுவதற்காகப் புகைக் கருவியைக் கழற்றி, செப்பனிட்டபின் மறுபடியும் ஒழுங்காக வேலை செய்யும்படி மாட்டுவதைக் குற்றமாகக் கருதவில்லை. அதாவது சட்டத்தின் பெயரால் பூட்டிய பூட்டைச் சட்டமே பூட்டச் சொல்லவில்லை.

2023-ம் வருஷம் ஜனவரியில் அமெரிக்க விவசாயிகள் சம்மேளனம் ஜான் டீர் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. செப்பனிடும் கருவிகளும் விவரங்களும் விவசாயிகளுக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம். அது போதாது என்று கருதியவர்கள் சட்டசபைக்குப் போனார்கள். அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் காலராடோ மாகாணம் விவசாய யந்திரங்களைச் செப்பனிடும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தகக் கமிஷன், செப்பனிடும் தொழிலைத் தன்னிடமே முடக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அந்தக் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது.

அதே வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி, அயோவா மாகாணப் பொருட்காட்சியில், பாதுகாப்பு இலாகாவின் தலைவர் லீ ஸெல்டின் ஒரு புதிய வழிகாட்டியை வெளியிட்டார். யூரியா ஏற்பாட்டில் கோளாறு ஏற்பட்டவுடன் யந்திரத்தைத் தண்டிக்காதபடி உற்பத்தியாளர்கள் மென்பொருளை மாற்றி அமைக்கலாம் என்பது அதன் கருத்து. வயல் யந்திரங்களுக்கு முதல் 36 மணி நேரம் ஒரு பாதிப்பும் இல்லை. அதற்குப் பிறகும் முதலில் இழுவிசையில் 25 சதவிகிதம் மட்டுமே குறையும். முப்பத்தாறு மணி நேரம் என்பது கேட்பதற்குச் சிறிது. மழைக்கு முந்திய இரண்டு பகலும் நடுவில் ஓர் இரவும் கிடைத்தால் எத்தனை ஏக்கர் களத்துக்கு வந்துசேரும் என்பதை உழுதவன் அறிவான்.

நம் வயலுக்கும் வந்தது

நம் தேசத்தில் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ம் வருஷம் ஜனவரி மாதத்திலிருந்து கடுமையான புகை விதி அமலாயிருக்கிறது. அந்த வகை யந்திரங்களில் மின்னணுக் கட்டுப்பாடும் புகைச் சுத்திகரிப்பும் உணர்கருவிகளும் புகுந்துவிட்டன. நம் உழவர்கள் வாங்கும் டிராக்டர்களில் மிகப் பெரும் பகுதி 50 குதிரைச் சக்திக்கு உட்பட்டவை. ஆகையால் கவலைப்பட நமக்குச் சிறிது அவகாசம் இருக்கிறது. யோசிப்பதற்கும் அதே அவகாசந்தான் இருக்கிறது.

நம் நிலைமை அமெரிக்க நிலைமையினும் நுட்பமானது. அங்கே ஒரு யந்திரம் நின்றால் ஒரு பெரும் பண்ணைக்கு நஷ்டம். காவிரிப் படுகையில் அறுவடை யந்திரம் மணிக் கணக்கில் வாடகைக்கு வருகிறது. ஒன்று நின்றால் அதற்காக வரிசையில் காத்திருக்கும் பல சிறு குடும்பங்களின் நெல் வயலிலேயே நிற்கும். தை மாதத்தில் எதிர்பாராத மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஜனவரியில் தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்கள் கண்டன. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே போய், “ஐயா, புகைக்குழாயின் மூக்கு கெட்டுவிட்டது” என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

இப்போதே செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. குறையின் எண்ணை வாசிக்கும் கருவி, யந்திரத்தோடு கூடவே உழவனுக்குக் கிடைக்க வேண்டும். அதன் பொருளைத் தமிழில் அச்சிட்ட புஸ்தகமும் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் இலாகா யந்திரங்களை வாடகைக்கு விடும் இடங்களில் அவசரமான உணர்கருவிகளைக் கையிருப்பில் வைக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தால், சொந்த ஊரிலேயே கௌரவமான ஜீவனம் உண்டாகும். 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில், செப்பனிடும் உரிமையைப்பற்றி ஆராய மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா ஒரு கமிட்டி அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அந்த நல்ல ஆரம்பம் உணர்கருவி வரைக்கும் நீள வேண்டும்.

யந்திரம் வைத்திருப்பவர்களும் சில விஷயங்களைக் கவனிக்கலாம். யூரியாக் கரைசலை நிழலில், மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். டீஸல் ஊற்றிய புனலால் அதை ஊற்றலாகாது. உர மூட்டையிலுள்ள யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது, நோயாளிக்குச் சேற்று நீரை ஊசியில் ஏற்றுவதற்குச் சமானம். ரஸாயன அறையே பாழாகிவிடும். அறுவடை முடிந்து யந்திரத்தை நிறுத்தும்போதும், மறுபடி எடுக்கும்போதும் கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தவுடன் எஞ்சினை அணைப்பதற்கு முன் குறையின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது; பொய் மணி பல அடித்திருந்தாலும், ஒன்று மெய்யாக இருக்கலாம்.

ஒரு பழைய நிபந்தனை

1929-ம் வருஷத்தில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மேலான ஒரு ராட்டினத்தைச் செய்து கொடுப்பவருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் பரிசு என்று காந்தியடிகளின் அகில பாரத சர்க்கா சங்கம் அறிவித்தது. எவ்வளவு நூல் நூற்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அந்த அறிவிப்பு நின்றுவிடவில்லை. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. காலாகாலத்தில் பராமரித்தால் இருபது வருஷமாவது நிற்காமல் ஓட வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு வருஷத்துக்கு விலையில் ஐந்து சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்றும் அதில் கண்டிருந்தது. அந்தப் பரிசுக்கு உரிய ராட்டினம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு யந்திரத்தை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு அந்த நிபந்தனைகளைக் காட்டிலும் நல்ல இலக்கணம் கிடைப்பது அரிது.

புகை எத்தனை கிராம் இருக்கலாம் என்று விதி எழுதுகிறவர்கள், அந்தப் புகையை மோந்து பார்க்கும் மூக்கு எத்தனை அறுவடைக்கு உழைக்க வேண்டும், அது கெட்டால் யார் கையால், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செலவில் சீராக வேண்டும் என்பதையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். காற்றும் சுத்தமாக வேண்டும். கதிரும் களம் வந்து சேர வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று உழவனிடம் சொல்ல நமக்கு நியாயம் இல்லை. அவன் பிள்ளையும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறான். நம் பிள்ளையும் அந்தக் கதிரைத்தான் சாப்பிடுகிறான்.